வாதத்தில் ஓட்டை

அமெரிக்காவின் டுலூத் நகரில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் வெண்டெலின் மாணவர்களில், எந்த வாதத்திலும் ஓட்டை கண்டுபிடித்துவிடுகிறவள் கிரெட்டாதான். ஒரு வாரம் வகுப்புக்கு வராதவள், இன்று சீக்கிரமே வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"சார், இதுல ஓட்டை எங்கேன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

கையால் எழுதியிருந்தது: 'கொட்டும் பனியில் கார் ஓட்டப் பயந்த தம்பி, அழைத்துப்போகச் சொல்லி அக்காவுக்குப் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. தானே ஓட்டிப்போய், ஏரிக்கரை வளைவில் சறுக்கி இறந்தான். ஆகவே அவன் சாவுக்கு அவளே காரணம்.'

"வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"அவனுக்கு வேற யாருமில்ல சார்."

"சரி, இவ ஏன் எடுக்கல?"

"போனை அணைச்சு வைக்கச் சொல்லியிருந்தாங்க."

வெண்டெல் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டிக்கிச்சு பாரு! தப்பு அவ மேல இல்லம்மா. அணைக்கச் சொன்னவன் மேல!"

கிரெட்டா அவரையே பார்த்தாள். "அப்படியும் யோசிச்சேன் சார். மனசு வரல."

அவர் தாளைத் திருப்பினார். இறுதிச் சடங்கில் எல்லாருக்கும் கொடுத்த தாள் அது. கிரெட்டாவின் சாயலில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, அவன் இறந்த தேதி: போன சனிக்கிழமை. இதே வகுப்பில் மாதிரித் தேர்வு நடந்த நாள்.

மாணவர்கள் போனை அணைத்துப் போடுவதற்காக வெண்டெல் வாங்கிவைத்த கூடை, இன்றும் மேசை ஓரத்தில் காத்திருந்தது.