கண்ணாடிக்கு உள்ளே

“என் குழந்தை காருக்குள்ள மாட்டிக்கிச்சுங்கண்ணா! சாவி தொலைஞ்சு போச்சு. சீக்கிரம் வாங்க!”

போனில் இந்தியில் பேச ஆரம்பித்தவள் பதற்றத்தில் தமிழுக்குத் தாவியிருந்தாள். அமல்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புனே முழுக்க வேனில் சுற்றி, தொலைந்த கார் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து தருவது அவன் தொழில். தமிழில் ஒரு குரல் கேட்பதே அபூர்வம். அதுவும் இப்படி ஒரு குரல்.

“அழாதம்மா. எங்க இருக்கீங்க?”

“வானவடியில. மூடின கடை ஷட்டர்ல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு.” தெருப் பெயரைச் சொன்னாள்.

“உங்க வண்டிதானே? ஆர்.சி. புக், ஆதார் எல்லாம் இருக்கா?”

“எல்லாம் வண்டிக்குள்ள இருக்குதுங்கண்ணா. என் வண்டிதான், என் குழந்தைதான். கெஞ்சிக் கேக்கிறேன், வாங்கண்ணா!”

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எவனோ ஒருவன் ‘என் வண்டி’ என்று காட்டிய காரைத் திறந்து கொடுத்துவிட்டு, மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் காகிதம் பார்க்காமல் எந்த வண்டியையும் அவன் தொட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் சரி.

ஆனால் குழந்தை என்கிறாளே! வேனைக் கிளப்பித் திருப்பினான். பாத்திமா நகர் சிக்னலில் சிவப்பு விளக்கைப் பார்த்தும் நிற்கவில்லை.

மே மாதத்து வெயில். மணி இரண்டு. கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை.

நட்ட நடு வெயிலில் நின்றது ஒரு வெள்ளைக் கார். தோளில் சாப்பாட்டுப் பை தொங்க, ஒரு பெண் பின்கதவுக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் ரத்தம். காலடியில் ஒரு செங்கல் இரண்டாகக் கிடந்தது.

“உடைச்சுப் பாத்தேங்கண்ணா. கல்லுதான் உடையுது!”

அமல்ராஜ் உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு வயசு இருக்கும். பின்சீட்டில் வார் போட்டுக் கட்டிய குழந்தை நாற்காலியில் கழுத்து தொங்கிக் கிடந்தது. நெற்றியில் முடி நனைந்து ஒட்டியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா? கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு பிலிம் வழியே அவனுக்குத் தெரியவில்லை.

சுத்தியலால் அடித்தால் சில்லு அத்தனையும் குழந்தை மேல்தான் தெறிக்கும். கதவு இடுக்கில் காற்றுப் பையைச் சொருகி ஊதினான். விரலளவு இடைவெளி விழுந்ததும் நீளக் கம்பியை உள்ளே விட்டான்.

எத்தனையோ கார்களைத் திறந்த கை. ஆனாலும் கம்பி நுனி பூட்டின் பொத்தானைத் தொட்டு வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

“கூப்பிட்டுக்கிட்டே இருங்கம்மா! தூங்க விடாதீங்க!”

“கண்ணு! ஏ கண்ணு! இங்க பாரு தங்கம்!” ரத்தக் கையாலேயே கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி முழுக்கச் சிவப்பாகத் தடம் விழுந்தது. உள்ளே அசைவே இல்லை.

“அசையலீங்கண்ணா... ஐயோ, அசையவே மாட்டேங்குதுங்கண்ணா...”

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மூன்றாவது தடவை மூச்சை அடக்கிக்கொண்டு கம்பியை இழுத்தான்.

டக்.

கதவைத் திறந்ததும் காரின் அலாரம் அலறத் தொடங்கியது. உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. அவனைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே பாய்ந்தாள். வாரை எங்கே அழுத்தி அவிழ்ப்பது என்று தெரியாமல் அவள் விரல்கள் தடுமாறின. அமல்ராஜ்தான் பிளேடை எடுத்து அறுத்துவிட்டான்.

கடை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மடியில் போட்டு, தன் பாட்டில் தண்ணீரில் துப்பட்டாவை நனைத்துத் தலை, கழுத்து, பாதம் என்று துடைத்தாள். குழந்தையின் கை துணி மாதிரித் தொங்கியது. அமல்ராஜ் பக்கத்தில் நின்று மாதாவை வேண்டிக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

காரின் அலறல் அதுவாகவே அடங்கியது. அந்த அமைதி அதைவிடப் பயமாக இருந்தது.

குழந்தை ஒரு தடவை இருமியது. பிறகு கண்ணைத் திறந்து, உதடு பிதுங்க, “ஆயீ...” என்று வீரிட்டது.

அமல்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவை மராத்தியில் கூப்பிட்டு அழும் தமிழ்ப் பிள்ளைகள் அவனுக்குப் புதிதில்லை. கட்கியில் அவன் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன.

“ஆம்புலன்சுக்குச் சொன்னீங்களா?”

“உங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டேங்கண்ணா. வந்துக்கிட்டே இருக்குது.” குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பாதத்தை மெல்லத் தேய்த்துவிட்டான்.

“ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல... பாப்பா பேரு என்னம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியாதுங்கண்ணா. நான் பஸ்ஸுக்குப் போய்க்கிட்டிருந்தேன்.”