தனி டிஸ்க்

வயசுக்கு வந்த தங்கச்சி இருக்கிற வீட்டில் செய்கிற காரியமா இது என்று ரோசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மகன் ஷிஜு வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனி ஜோலி பார்க்கிறான். என்ன ஜோலி என்று கேட்டால், கம்ப்யூட்டர் ஜோலி என்பதோடு சரி. அறைக்கதவைச் சாத்தினால் கூப்பிட்டாலும் திறக்க மாட்டான்.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். காலேஜில் படிக்கிற தங்கச்சி சிஞ்சுவுக்கும் அதுதான். போன மாசம் ஷிஜு குமுளியில் இன்னொரு டிஸ்க் வாங்கிவந்து, பெட்டியைக் கழற்றி அவனே மாட்டினான். ஆன் செய்ததும் எந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்று அது கேட்கும். சிஞ்சுவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இதில் இருப்பது அதில் தெரியாது. அதுவும் போதாமல், தங்கச்சி உட்காரும்போதெல்லாம் தன் டிஸ்க்கின் வயரையே பிடுங்கி வைத்துவிடுவான்.

பிள்ளைக்குத்தான் எவ்வளவு ஒழுங்கு என்று ரோசி அப்போது நினைத்தாள்.

இன்றைக்கு மத்தியானம் சோறு கொண்டுபோனவள், தாழ் சரியாக விழாத கதவைத் தள்ளினாள். திரையில் ஓடிய அசிங்கத்தை ஒரு கணத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

எஸ்டேட் ஃபாக்டரியிலிருந்து புருஷன் யாக்கோபு வந்ததும் சொல்லிவிட்டாள். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இனி இவனுக்கு இடமில்லை என்றார் அவர். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில், அடுத்த வீட்டுப் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

ஷிஜு நேராக அறைக்குள் போனான். தன் டிஸ்க்கைக் கழற்றி, சட்டை துணிகளோடு பையில் போட்டுக்கொண்டான். சிஞ்சு அவனுக்கு முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மனசு கேட்காமல் ரோசி ஜீப் நிற்கும் இடம்வரை பின்னாலேயே வந்தாள்.

"அப்படி என்னடா இருக்கு அதுல?"

ஷிஜு ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அதுதாம்மா என் ஜோலி. ஜனங்க இன்டர்நெட்ல போடுற அசிங்கத்தை எல்லாம் நாங்க பாத்து அழிக்கணும். அப்பத்தான் சிஞ்சு மாதிரிப் பிள்ளைங்க போன்ல அது வராது."

இப்போதே வீட்டுக்கு வா, அப்பாவிடமும் சிஞ்சுவிடமும் நானே சொல்கிறேன் என்று ரோசி அவன் கையைப் பிடித்தாள்.

அவன் மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"வேண்டாம்மா. சொன்னா, நான் தினமும் என்னென்ன பாக்குறேன்னு சிஞ்சு யோசிக்க ஆரம்பிச்சிரும். அதுக்குப் பதிலா, அண்ணன் மோசமானவன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."