கழுத்து வரை

"எட்டு மாசமா நான் மட்டும்தான் ஓட்டுறேன். அப்பவும் மைலேஜ் பன்னெண்டைத் தாண்டலையேப்பா!" என்று அலுத்துக்கொண்டார் கணக்கு வாத்தியார். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி மைலேஜ் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். "பெட்ரோல் ஊத்துற குழாய்ல பழைய விரிசல் சார். கழுத்து வரைக்கும் நிரப்பினா மட்டும் ஒழுகுது."

"அப்ப, நான் அளந்ததாலதான்..."

"ஆமா சார். பாவம், போன தடவை 'ஓட்டுற லட்சணத்தப் பாரு'ன்னு இங்கேயே அக்கா கையிலேருந்து சாவியப் பிடுங்கினீங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

சட்டைப்பையில் அந்தச் சாவியைத் தடவினார் வாத்தியார். எட்டு மாதத்துக்கு முன் அதைப் பிடுங்கிய மறுநாள் வேலைக்கு நடந்து கிளம்பிய அவர் மனைவி, சாலையைக் கடந்து முடிக்கவேயில்லை.