அந்தப் பத்து நிமிடம்

"ஏங்க, வண்டிய ஓரம் கட்டுங்க. இவன் மூச்சு வாங்குறது எனக்கு என்னமோ சரியாப் படல."

பின் இருக்கையிலிருந்து மனைவி இதைச் சொல்வது மூன்றாவது முறை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கறுத்த சடைமுடிக்குள் கண்ணே தெரியாத அந்த நாய், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கை விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"துரை... டேய் துரை, இங்க பாருடா."

அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

துரை அவர்களுடைய நாய் இல்லை, மகளுடையது. வேலை விஷயமாக மகளும் மாப்பிள்ளையும் வெளிநாடு புறப்பட்டதால், நான்கு நாளைக்கு முன்புதான் இவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். "அப்பா, இவன் என் மூத்த புள்ள. பத்திரம்!" என்று விமானம் ஏறும்வரை போன். இவரோ நாய் என்றால் எட்ட நின்று கும்பிடுகிற ரகம். ஆனால் கடற்கரை விடுதியில் அறை பதிவு செய்து மூன்று மாதம் ஆயிற்று. வருஷம் பூரா கடையைக் கட்டிக்கொண்டு அழுதவருக்குக் கிடைத்த ஐந்து நாள் லீவு. சரி, துரையும் வந்து கடலைப் பார்க்கட்டும் என்று காரில் ஏற்றிவிட்டார்கள்.

காலையில் துரை ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு ஜம்மென்றுதான் வந்தான். மதியம் சாப்பிட நிறுத்திய இடத்திலிருந்து கிளம்பிய பிறகுதான் இந்த முனகல்.

"பிஸ்கட்ட மோந்துகூடப் பாக்க மாட்டேங்குறான். வயித்தத் தொட்டுப் பாருங்க, எப்படி உப்பிக் கிடக்கு! கண்டதத் தின்னுட்டானோ? நீங்கதானே அவனப் புல்லுல நடக்க விட்டீங்க?"

"ஆ... ஆமா. என் கூடத்தான் இருந்தான்."

சொல்லிவிட்டு அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த ஊரில் ஒரு மருந்துக் கடையில் வழி கேட்டு, நாய் டாக்டரின் கிளினிக்கைக் கண்டுபிடித்தார்கள். மாடியில் இருந்தது. நாயைத் தொடவே கூசுகிற மனிதர் அதை மார்போடு வாரிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் அது முனகலை நிறுத்திவிட்டு அவர் மோவாயை நக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அம்மாள் நாயை மேஜையில் கிடத்தி, இமையை விலக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"என்ன சாப்பிட்டது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எலி மருந்து மாதிரி எதுனாச்சும் வயித்துக்குள்ள போயிருந்தா ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

"ஒண்ணுமே இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. "இவரு கண்ணும் கருத்துமா கூடவே இருந்தாரு."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா," என்றார் மெதுவாக. "நீ கை கழுவப் போனப்போ ஒரு போன் வந்துச்சு. கண்ணாடி எப்ப ரெடியாகும்னு ஒரு ஆளு. பேசிட்டுத் திரும்புறேன், கையில வெறும் கழுத்துப்பட்டைதான் இருக்கு. தலைய உருவிக்கிட்டு ஓடிட்டான்."

"ஓடிட்டானா?"

"பத்து நிமிஷம் பைத்தியக்காரன் மாதிரி தேடுனேன். குப்பைத்தொட்டி, சமையல்கட்டுப் பின்பக்கம்னு ஒரு எடம் விடல. கடைசியில ஒரு வேனுக்கு அடியில படுத்துக் கிடந்தான். எந்திரிக்கவே மாட்டேன்னுட்டான். பட்டைய மாட்டி, தூக்கிட்டு வந்து கார்ல போட்டேன். நடுவுல எங்க போனான், என்னத்தத் தின்னான்... எனக்குத் தெரியாது டாக்டர்."

"ரெண்டு மணி நேரமா இத வாய்க்குள்ளயே வெச்சிருந்தீங்களா?" என்றாள் மனைவி. அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டாக்டர் நாயை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் கூடைக்குள் இருந்த யாருடையதோ பூனை ஒன்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குரைப்பு. பிறகு அதுவும் இல்லை.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன். உன் பேரு வராது."

"யாரு சொன்னா என்னங்க? அவன் முழுசா வெளிய வந்தாப் போதும்," என்றாள் அவள். முகம் கொடுக்காவிட்டாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கதவு திறந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு.

"விஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு பேரும் முதல்ல மூச்சு விடுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் டாக்டர்."

"அதெல்லாம் இருக்கட்டும். இந்த நிலமையில இவ்வளவு தூரம் கார்ல குலுக்கிக் கூட்டிட்டு வரலாமா? வயித்துல அஞ்சு குட்டி. இன்னும் ரெண்டு நாள்ல போட்டுரும்."

பெஞ்சிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"டாக்டர்..." என்றாள் மனைவி, "எங்க துரை ஆம்பள நாயாச்சே!"