முன்வாசல் வாங்கு

யசிந்தா பழக்கத்தில் ஆஸ்பத்திரியின் பின்கேற்றுக்குப் போய், பூட்டைக் கண்டு திரும்பியிருக்கிறாள். யாருக்கு வந்த யோசனையோ, பின்பக்கம் இருந்த மனநலக் கிளினிக்கைப் பொதுக் கிளினிக்கோடு சேர்த்துவிட்டார்கள். இனி பிரஷர்காரர், சீனிக்காரர், அவள் எல்லாருக்கும் முன்வாசலில் உட்கார ஒரே நீள வாங்கு. அதன் நுனியில் குந்தியிருந்து குடைப்பிடியைத் திருகுகிறாள். செருப்புக்குள் கடல்மணல் நெறுநெறுக்கிறது. மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. பக்கத்தில் இருப்பது, அவளுடைய மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் மேரிஜோசப்பின் என்ற நாரந்தனைக்காரி. “பிரஷருக்கோ வந்தனீங்கள்?” “ஓம்” என்கிறாள் யசிந்தா, சுவரைப் பார்த்து. சொல்லி வாய் மூடவில்லை, மனநல டொக்டரின் அறை வாசலில் நின்று தாதி அவள் பேரைக் கூப்பிடுகிறாள். யசிந்தா அசையவில்லை. தாதி இன்னும் உரத்துக் கூப்பிடுகிறாள். மேரிஜோசப்பின், யசிந்தாவின் கையிலிருந்து குடையை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். “நான் வைச்சிருக்கிறன், போயிட்டு வாங்கோ. உங்களுக்குப் பிறகு அந்த அறைக்கு நான்தான்.”