ஊறுகாய் ஜாடியில் லேகியம்

செல்லாத்தாள் கையிலிருந்த ஜாடியை வைத்தியரின் மேசைமேல் ஓங்கி வைத்தாள். மூடி தெறித்து உருண்டோடியது. உள்ளேயிருந்த கறுப்பு லேகியத்தில் ஒரு கட்டி, அவர் எழுதிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டின்மேல் போய் விழுந்தது.

“உங்க மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க! எம்பொண்ணு பொழப்பையே கெடுத்துப்போட்டீங்க!”

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த வைத்தியசாலை. பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ஆத்திரம் தலைக்கேறியும் ‘ங்க’ போடாமல் திட்ட அவளுக்கு வரவில்லை. சூலூரில் பிறந்து வளர்ந்த வாய் அது.

வைத்தியர் சென்னிமலை பதறாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “உக்காருங்க அம்மணி. புள்ளைக்கு ஒத்துக்கலீங்களா? வயித்துக்கு ஏதாச்சும்...”

“வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. வந்த சம்பந்தம் போயிருச்சு!”

செல்லாத்தாளின் ஒரே மகள் புவனா, பாங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்டு, படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை என்று அழுதவளுக்கு, வல்லாரையும் பிரமியும் சடாமாஞ்சிலும் சேர்த்து நெய்விட்டுக் கிண்டிய இந்த லேகியத்தை வைத்தியர்தான் கொடுத்தார். நரம்புக்கு நல்லது, காலையில் சுண்டைக்காய் அளவு போதும் என்றார். அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை.

அப்புறம்தான் காங்கேயத்திலிருந்து வரன் வந்தது. தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம். பையன் அருண்குமார் ஒரே வாரிசு. உப்புச்சக்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்துகொள்ள, போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பேர் வேனில் வந்து இறங்கினார்கள்.

கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் மருந்து கண்ணில் படலாமா? செல்லாத்தாள் முதல்நாளே லேகியத்தை வழித்து ஊறுகாய் ஜாடிக்கு மாற்றி, மற்ற ஊறுகாய்களோடு அடுக்கிவிட்டாள். தான் பெரிய கெட்டிக்காரி என்று அன்றைக்கு ஒரு நினைப்பு வேறு.

“பையனோட அம்மா குழந்தையம்மா சமையக்கட்டுக்கு வந்தாங்க. எலைக்கு ஊறுகா நான் வெக்கறனுங்கன்னு அவங்களே ஜாடிய எடுத்தாங்க. தொறந்து ஒரே ஒரு மோப்பந்தானுங்க. ‘இது சென்னிமலை வைத்தியர் நரம்புக் கோளாறுக்குக் குடுக்கற லேகியமாச்சே’ன்னு கேட்டுப்போட்டாங்க! பந்தியில உக்காந்த சனத்துக்கு முன்னால, ‘சீக்காளிப் பொண்ண எங்க தலையில கட்டப் பாத்தீங்களா’ன்னு கத்திப்போட்டு, ஒரு வாய் திங்காம வேன்ல ஏறிப் போயிட்டாங்க.”

“பரிச்சைக்குப் படிக்கற புள்ளைக்குக் குடுத்ததுன்னு சொல்லக்கூடாதுங்களா?”

“சொன்னா யாரு கேட்டாங்க? ஒளிச்சு வெச்சது வேற தெரிஞ்சுபோச்சு. இனிக் காங்கேயத்துல இருந்து கோபி வரைக்கும் எவன் எங்க ஊட்டுப் படி ஏறுவான்? புவனா மூணு நாளாச் சோறு திங்கலீங்க. புஸ்தகத்தையெல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுட்டா.”

மேசையைப் படாரென்று தட்டினாள்.

“ஜாடியில பேரு எழுதியிருந்துச்சுங்களா? இந்த லேகியத்த உங்களத் தவிர ஒருத்தரும் கிண்டறதில்லீன்னு நீங்கதானுங்களே பீத்திக்குவீங்க? அப்புறம் அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? பொண்ணப் பத்தி விசாரிக்க இங்க வந்திருக்காங்க. நீங்க புட்டுப் புட்டு வெச்சுப்போட்டீங்க!”

வைத்தியர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“முப்பது வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கறனுங்க. ஒருத்தர் ஊட்டு நோவ இன்னொருத்தர்கிட்டச் சொன்னதில்லீங்க. இப்பவும் சொல்ல மாட்டனுங்க அம்மணி.”

“நல்லாப் பேசறீங்க!” அந்த நிதானம் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மணிபர்சிலிருந்து காங்கேயத்து நம்பர் எழுதிய துண்டுக் காகிதத்தை எடுத்தாள். மேசையிலிருந்த ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். “இப்பவே பேசுங்க. புவனாவுக்கு ஒரு நோவும் இல்லீன்னு உங்க வாயால அந்தம்மாகிட்டச் சொல்லுங்க.”

“வேண்டாமுங்க. நான் பேசறது மொறையில்லீங்க. உட்டுருங்க.”

“பாத்தீங்களா, உட்டுருங்கறாரு!” பெஞ்சுப் பக்கம் திரும்பிச் சொன்னாள். “மாட்டிக்கிட்டாரு, அதான் நழுவறாரு!”

அவளே நம்பரைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் மணியடித்ததும் ரிசீவரை அவர் கையில் திணித்தாள். யாரோ எடுத்தார்கள்.

“நான் கோயமுத்தூர் வைத்தியர் சென்னிமலைங்க...” என்று ஆரம்பித்த வைத்தியர், மேலே பேசாமல் ரிசீவரைக் கீழே வைக்கப் போனார்.

செல்லாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ரிசீவரை வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வசவும் நாக்கு நுனியில் நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தையம்மாளின் குரல் முந்திக்கொண்டது.

“நானே கூப்புடோணும்னு இருந்தனுங்க வைத்தியரே, எங்க அருணுக்கு நேத்தும் வலிப்பு வந்துபோட்டுதுங்க!”