ஜேப்படி பாஷை

பஸ்ஸில் முதுகை உரசிக்கொண்டு நின்ற மீசைக்காரனைப் பார்த்தவுடனேயே திருவேங்கடத்துக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை, ஜேப்படிக்காரன்! அவன் பார்வை ஒவ்வொருவர் பையாக மேய்ந்து, கடைசியில் அவர் மனைவி ஜகதாம்பாள் மடியிலிருந்த துணிப்பையில் வந்து நின்றது.

பையில் இருந்தது பெண் ஹம்சினியின் நெக்லஸ். சாயங்காலம் நிச்சயதார்த்தம். பவானிபூர் நகைக்கடையிலிருந்து கரியாஹாட் வீட்டுக்கு அது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.

"டாக்ஸியில போலாம்னு தலைதலையா அடிச்சுண்டேன். கேட்டேளா?" என்றாள் ஜகதாம்பாள்.

"பயப்படாதே. கல்கத்தாத் திருடாளோட பழைய பாஷையைப் பத்திப் புஸ்தகமே எழுதினவன் நான். 'மீன்'னா நகை, 'வலை'ன்னா திருட்டு. அந்த பாஷை பேசறவன் மேல எந்த ஜேப்படிக்காரனும் கை வைக்கமாட்டான். அது அவாளுக்குள்ள ஒரு தர்மம்!"

"ஆமா, பெரிய தர்மம்! சும்மா இருங்கோ."

கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தார். மீசைக்காரனிடம் மட்டும் எதுவும் கேட்காமல் நகர்ந்துவிட்டார். பாவம், அவருக்கும் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் திருவேங்கடம்.

இனியும் தாமதித்தால் ஆபத்து. மீசைக்காரனின் காதருகே குனிந்து, சுத்தமான பெங்காலியில் அந்தப் பழைய பாஷையை எடுத்துவிட்டார்.

"உஸ்தாத், இது நம்ம குளத்து மீன். உன் வலையைச் சுருட்டிக்கோ."

மீசைக்காரனின் கண்கள் விரிந்தன. "அடேயப்பா! தாதா, நீங்க எத்தனை வருஷமா வலை வீசறீங்க?"

அதே பாஷையில் பதில்! லைப்ரரியில் தூசி தட்டிப் படித்த வார்த்தைகளை ஒரு மனுஷன் வாயால் கேட்டதும் திருவேங்கடத்துக்குப் புல்லரித்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நாப்பது வருஷமா!" என்று அளந்துவிட்டார். "பையில இருக்கறது காலைல பவானிபூர்ல பிடிச்ச மீன்."

"பக்கத்துல இருக்கற அம்மா?"

"அவதான் என் கூட்டாளி. என்னைவிடக் கெட்டிக்காரி!"

நாற்பது வருஷத்தில் முதல் முறையாகத் தன்னைப் பற்றி நல்லபடியாக ஏதோ சொல்கிறார் என்று ஜகதாம்பாள் வெட்கத்தோடு சிரித்துவைத்தாள்.

கரியாஹாட் வந்தது. அவர்களோடு இறங்கிய மீசைக்காரன், ஜகதாம்பாளிடமிருந்து பையை லாகவமாக வாங்கிக்கொண்டான். இன்னொரு கையால் திருவேங்கடத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

திருவேங்கடம் பதறிப்போனார். "என்னப்பா அநியாயம் இது! நம்ம பாஷை பேசறவன் மேலயே கை வைக்கலாமா?"

"அந்த பாஷை இப்போ எந்தத் திருடனுக்கும் தெரியாது தாதா. எங்க போலீஸ் டிரெயினிங்ல மட்டும்தான் சொல்லித் தர்றாங்க!"